இரண்டு போர்டுகளின் சாட்சி

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் அன்சரின் கடைக்கு ஒரு பெயர் உண்டு. பலகையில் எழுதியிருக்கிற பெயர் அல்ல. அது யாருக்கும் நினைவில்லை. "ஓட்டிப் பாக்குற பாய் கடை" என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். இரண்டு கம்ப்யூட்டர் சாமானைக் காட்டி எது நல்லது என்று கேட்டால் அன்சர் வாயால் பதில் சொல்ல மாட்டான். "இருங்க, ஓட்டிப் பாத்துடலாம்" என்பான். இரண்டையும் மேசைமேல் வைத்து, ஒரே வேலையைக் கொடுத்து, கேட்டவரை ஸ்டூலில் உட்கார்த்திவிடுவான். அவசரமாக வந்தவர்கள் மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் அடுத்த தடவை அங்கேதான் வருவார்கள். பாய் ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது ஊரில் நிலைத்துப் போயிருந்தது.

அந்தப் பெயர் அன்சருக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. ஏறாமல் இருக்குமா? மற்ற கடைக்காரர்கள் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டி விற்றுக்கொண்டிருந்த ஊரில், இவன் ஒருவன்தான் நியாயம் நியாயம் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தான். ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட்டால் அந்தப் பொருள் மட்டும்தான் மாற வேண்டும், மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அவனுடைய சட்டம். ஃபேன்கூட ஒரே ஃபேனாக இருக்க வேண்டும் என்று கழற்றிக் கழற்றி மாட்டுவான். அவ்வளவு சுத்தமான மனுஷன். அந்தச் சுத்தம்தான் கடைசியில் வினையாக வந்து நின்றது.

கார்த்திகை மாதம், புயல் சின்னம் ஒன்று கடலில் நின்றுகொண்டு போகவா வரவா என்று யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது. தனசேகரன் கடைக்கு வந்தான். வடக்கனந்தல்காரன். ட்ரோன் பறக்கவிட்டு நிலத்தைப் படம் பிடித்து வரைபடம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி, கம்ப்யூட்டருக்குள் ஒரு மலையையே மேடு பள்ளத்தோடு எழுப்ப வேண்டும். அவனிடம் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அந்த வேலையைப் போட்டால் வாரக்கணக்கில் முனகிக்கொண்டிருக்கும். அதனால் ஒரே மதர்போர்டில், கணக்குப் போடுகிற பிராசசர் இரண்டு உட்காருகிற பெரிய இயந்திரமாக ஒன்று வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தான்.

அன்சர் அதற்காக இரண்டு போர்டுகளை வரவழைத்திருந்தான். ஒன்று சீல் பிரிக்காத புதுசு. இன்னொன்று பெங்களூரில் மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரிலிருந்து கழற்றியது. பழைய போர்டோடு ஒரு ஜோடி பிராசசரும் சேர்ந்து வந்தது. புதுப் போர்டு வெறும் போர்டாக வந்தது.

"அப்போ புதுசுக்குப் போடறதுக்கு பிராசசர் இல்லியே பாய்" என்றான் தனசேகரன்.

"அது நல்லதுக்குத்தான். இதே ஜோடிய இதுல போட்டு ஓட்டுறேன், அப்பறம் கழட்டி அதுல போட்டு ஓட்டுறேன். ரேம், டிஸ்க்கு, பவர் சப்ளை எல்லாம் ஒண்ணே. போர்டு மட்டுந்தான் மாறும். அப்பதான் எது வேகம்னு நியாயமாத் தெரியும். எது ஜெயிக்குதோ அதுக்குப் புது ஜோடி மெட்ராஸ்லேர்ந்து வரவெச்சிக்கலாம்."

"ஓட்டிப் பாக்க இன்னா வேல குடுக்கப் போற?"

"நீயே ஒரு வேல குடு. கனமா இருக்கணும்."

தனசேகரன் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தான். "இத போடு. டெஸ்டும் ஆச்சு, என் வேலையும் முடிஞ்சிடும். உன் வூட்டுக்காரம்மா வேல பாக்குற எடந்தான் இது."

அன்சர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

ஜெபீனா கல்வராயன் மலையில் கல்லாத்துமேடு என்கிற இடத்தில் டீச்சர். ஒரு அறக்கட்டளை அங்கே மலைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் விடுதியும் நடத்திவந்தது. ஓரடுக்குக் காங்கிரீட் கட்டடம். முன்னால் விளையாட்டுத் திடல், அதற்குக் கீழே ஓடை, ஓடைக்கரையில் ஓடைக்கொட்டாய் என்று இருபது குடிசைகள், கிழக்கே கொஞ்சம் தள்ளி ஒரு கோயில் மேடு. கட்டடத்துக்குப் பின்னால் சுவரை ஒட்டியே மலைச்சரிவு ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனால் ஜெபீனா சனிக்கிழமைதான் இறங்கி வருவாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வா என்று அன்சர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை அவள்.

ஐப்பசி மழையில் அந்தச் சரிவின் நெற்றியில் ஒரு வெடிப்பு தெரிந்தது. மாடு மேய்க்கப் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அறக்கட்டளைக்காரர்கள் பயந்துபோய்த் தனசேகரனைப் பிடித்தார்கள். தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காக அவன் ஆவணி மாதமே அந்த இடத்தைப் படம் பிடித்துவைத்திருந்தான். இப்போது மறுபடியும் பறக்கவிட்டுப் பிடித்தாயிற்று. இரண்டையும் கணக்குப் போட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சரிவு நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அசையாத இடம் பச்சையாக வரும். நகர்ந்த இடம் சிவப்பாக வரும். சிவப்பு வந்தால் பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிடுவது, பச்சை வந்தால் அங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது.

"ரிப்போர்ட்டு சீக்கிரம் வோணும்னு நச்சரிக்கிறாங்க பாய். மழை ஜாஸ்தியாவறதுக்குள்ள" என்றான் தனசேகரன்.

அன்றைக்கே பழைய போர்டில் ஓட்டினார்கள். ஃபேன்கள் கடை முழுக்க இரைந்தன. வெளியே மழை வரப்போகிற வெளிச்சம். மத்தியானமே டியூப்லைட் போட வேண்டியிருந்தது. நடுவில் திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி வந்தது: சரிவின் மேல்பட்டையில் எடுத்த படங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, தள்ளிவிட்டு மேலே போகிறேன் என்று.

"மேகம் உரசிக்கினு போயிருக்கும். மலைல அப்படித்தான்" என்றான் தனசேகரன். "தள்ளிட்டு அக்கம்பக்கத்து நெலத்த வெச்சி நடுவுல மெழுவிடும். பெரிசா ஒண்ணுமில்ல."

வேலை முடிந்து வரைபடம் எழுந்தது. விடுதி, திடல், சரிவு எல்லாம் பச்சை.

மறுநாள் வியாழக்கிழமை, அதே ஜோடியைக் கழற்றி, துடைத்து, சூட்டை இழுக்கிற பேஸ்டைப் புதுசாகத் தடவி, புதுப் போர்டில் உட்காரவைத்து ஓட்டினான். அதே இடத்தில் அதே மஞ்சள் வரி வந்தது. அதே பட்டையைத் தள்ளியது. முடிவில் அதே பச்சை. நேரத்தில் மட்டும் புதுப் போர்டு நன்றாக முந்தியிருந்தது. நினைவகத்தோடு பேசுகிற பாதை இதில் அகலம், அதனால்தான் வேகம் என்று அன்சர் தனசேகரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. வேகத்தால் வந்த நிம்மதி அல்ல அது.

"பாத்தியா, ரெண்டும் ஒண்ணே மாரி சொல்லிடுச்சி" என்றான் தனசேகரன். "மஞ்சக் கோடுகூட அதே எடத்துலதான். அப்போ மேகந்தான். கோளாறுன்னா ஆளுக்கு ஒரு எடத்துல இல்ல வந்திருக்கும்?"

அன்சருக்கும் அது சரியாகவே பட்டது. தனித்தனியாக விசாரித்த இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்ப வேண்டியதுதானே. சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்தவன் அந்த ஒரு தடவை சந்தேகப்படவில்லை. மனைவி இருக்கிற மலை பச்சையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அதைப் பச்சையாகப் பார்த்த பிறகு வேறென்ன கேட்பான்?

சாயங்காலம் ஜெபீனா போன் பண்ணினாள். திடலின் ஓரத்தில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"ஏங்க, சமயக்கட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சி. இன்னிக்கி நெலையில முட்டிக்கினு நிக்குது."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்."

"இரும்புக் கதவுங்க."

அன்சர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"வீரமணி அண்ணன் வேற பயமுறுத்திகினு இருக்காரு" என்றாள். வீரமணி விடுதியின் சமையல்காரர், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். "பின்னால ஊத்து இருக்குதில்ல, தண்ணி செவப்பா வருதாம். இத்தினி வருசத்துல அப்படி வந்ததில்லன்றாரு. புள்ளைங்களயெல்லாம் மூட்ட கட்டச் சொல்லிட்டேன். கடைசி பஸ்ஸுல கச்சிராயபாளையம் எறக்கிடலாமான்னு மேனேஜர் கேக்குறாரு. அந்த ரிப்போர்ட்டு இன்னா ஆச்சி?"

அன்சர் திரையைப் பார்த்தான். பச்சை.

"ஒண்ணும் அசையல ஜெபீனா. ரெண்டு போர்டுலயும் ஓட்டிப் பாத்துட்டேன். ரெண்டும் ஒண்ணே மாரி சொல்லுது. இந்த மழையில அத்தினி புள்ளைங்கள ஏத்திகினு மலைப்பாதையில வர்றதுதான் ஆபத்து. அங்கயே இருங்க."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"நீங்க ஓட்டிப் பாத்துட்டீங்கன்னா சரிங்க" என்றாள். "போய் மூட்டயப் பிரிக்கச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை விடியும்போது புயல் சின்னம் முடிவெடுத்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் சாக்கடையும் சாலையும் ஒன்றாயின. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ்ஸை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அன்சர் ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது பள்ளிவாசல் மாடியிலிருந்து மேற்கே பார்த்தான். வழக்கமாக அங்கே மலை இருக்கும். அன்றைக்கு அந்த இடத்தில் கறுப்பாக ஒன்று வானத்திலிருந்து தரை வரை நின்றது. மலை எது மேகம் எது என்று பிரிக்க முடியவில்லை. தொழுகையில் மனசு நிற்கவில்லை. பச்சை, பச்சை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கடைக்குத் திரும்பியபோது மெட்ராஸ் பார்சல் வந்திருந்தது. புது ஜோடி பிராசசர். ஜெயித்த போர்டிலிருந்து பழைய ஜோடியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டு, புதுசைப் பொருத்தினான். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுப் பாரத்தில் ஓட்டிவிடுவது கடை வழக்கம். வேறு வேலை தேடுவானேன் என்று அதே மலையை மறுபடியும் போட்டான். ஃபேன் சத்தத்தோடு மழைச் சத்தமும் சேர்ந்து கடைக்குள் பேச முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தனசேகரன் நனைந்துகொண்டு வந்தான், இயந்திரத்தை எடுத்துப் போக.

"மஞ்சக் கோடு வரல போலயே" என்றான் திரையைப் பார்த்து.

அப்போதுதான் அன்சரும் கவனித்தான். இந்த முறை எந்தப் படத்தையும் அது தள்ளவில்லை. மேகம் உரசியதாகச் சொன்ன அந்தப் பட்டை முழுசாகப் பொருந்தியிருந்தது. வரைபடம் மெதுவாக எழுந்தது. திடல் பச்சை. விடுதி பச்சை. விடுதிக்குப் பின்னால், சரிவின் நெற்றியிலிருந்து சுவர் வரைக்கும், நாக்கு நீட்டியது போல ஒரு சிவப்பு.

தனசேகரன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"புதுசுலதான் பாய் கோளாறு" என்றான் தனசேகரன். "ரெண்டு தபா அசையலன்னு சொல்லியிருக்குது. இது ஒண்ணுதான் அசையுதுன்னு சொல்லுது. ரெண்டு பெருசா ஒண்ணு பெருசா?"

அன்சர் பிளாஸ்டிக் தட்டைப் பார்த்தான். இரண்டு சதுரமான உலோகத் துண்டுகள், முதுகில் பேஸ்ட் பூசிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவை போலக் கிடந்தன.

"ரெண்டு இல்ல தனசேகர்" என்றான். "ஒண்ணுதான். போர்டு ரெண்டு. ஆனா கணக்குப் போட்டது போர்டு இல்லியே, இதுதான. இதத்தான நான் அங்க ஒரு தபா, இங்க ஒரு தபா வெச்சேன். ஒரே சாட்சிய ரெண்டு கோர்ட்டுல நிக்கவெச்சிட்டு, ரெண்டு பேரு சாட்சி சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

பழைய ஜோடியில் ஒன்றுக்கு எங்கோ ஒரு மூலையில் கணக்கு தப்புகிறது. படம் ஓட்டினால் தெரியாது, பாட்டு கேட்டால் தெரியாது. ஒரு வகைக் கணக்கில் மட்டும், எத்தனை தடவை கேட்டாலும் அதே பொய்யை அதே மாதிரி சொல்லும். வேகத்தை ஒப்பிட வைத்த பரீட்சை அது. உண்மையைக் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்? நியாயத்துக்காக எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தவன், பொய்யையும் ஒன்றாகவே வைத்துவிட்டான்.

"இருந்தாலும் புதுசு மட்டும் யோக்கியம்னு இன்னா நிச்சயம்?" என்று தனசேகரன் முனகினான். அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் அவன்.

"படத்தத் தொற. வெறும் படத்த."

தள்ளப்பட்ட அந்தப் பட்டையின் படங்களைத் திறந்தார்கள். ஆவணியில் எடுத்தது ஒரு பக்கம், இப்போது எடுத்தது ஒரு பக்கம். மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. ஆவணிப் படத்தில் சரிவில் கடுக்காய் மரங்கள் நேராக நின்றன. புதுப் படத்தில் அத்தனை மரங்களும் விடுதியை எட்டிப் பார்ப்பது போலக் குனிந்திருந்தன. அவற்றுக்கு மேலே வெடிப்பு இப்போது ஒரு ஆள் இறங்குகிற அகலம் இருந்தது. பள்ளிக்கூடம் போகாத ஆள் பார்த்தாலும் சொல்லிவிடுவான். ஆனால் இத்தனை நாளில் யாரும் அந்தப் படங்களைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்ப்பதற்குத்தான் இயந்திரம் இருந்ததே.

அன்சர் போனை எடுத்தான். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினான். ஜெபீனா தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். மேனேஜர் போன் அணைந்திருந்தது. வீரமணியின் போன் மணி அடித்து அடித்து நின்றது. தனசேகரன் தன் போனில் தீயணைப்பு நிலையம், தெரிந்த அதிகாரிகள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மரத்தை வெட்டாமல் வண்டி ஏறாது, ஆள் அனுப்புகிறோம், ஆனால் நேரமாகும் என்று எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அன்சர் மறுபடியும் மறுபடியும் அழுத்தினான். அவனுக்கு இதற்கு முன் இப்படிப் பயந்த ஞாபகமே இல்லை.

சாயங்கால அஸர் தொழுகை நேரம் தாண்டியபிறகு மணி அடித்தது. அவளே எடுத்தாள்.

"சொல்லுங்க. பாறை மேல நின்னுகினுதான் இருக்கேன், நானே உங்களுக்குப் போட்டுகினு இருந்தேன்." அவள் குரலில் ஒரு உற்சாகம் இருந்தது. வேலை செய்து களைத்தவர்களுக்கு வருகிற உற்சாகம். "ஓடை பெருகிடுச்சிங்க. ஓடைக்கொட்டாய்ல குடிசைக்குள்ள தண்ணி வந்திடுச்சி. நானும் வீரமணி அண்ணனும் போயி எல்லாரையும் விடுதிக்குக் கூட்டியாந்துட்டோம். அம்மாம் பேரும் இப்ப இங்கதான் இருக்காங்க."

அன்சர் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"தைலம்மாள்னு ஒரு அம்மா, வரவே மாட்டேன்னுட்டாங்க. அவங்க மவ பாப்பாத்தி புள்ள பெத்து எட்டு நாள்தான் ஆவுது. மலைக்கு அடியில படுக்கறதுக்கு ஓடைக்கரையே மேலுன்றாங்க. நான்தான் சொன்னேன், எங்க வூட்டுக்காரரு ரெண்டு மிஷின்ல ஓட்டிப் பாத்துட்டாரு, மலை ஒரு நூலுகூட அசையலன்னு. அப்பறந்தான் வந்தாங்க. பச்சக் கொழந்தைக்குக் குளிருமேன்னு சமயக்கட்டுக்குப் பக்கத்து ரூமக் குடுத்திருக்கேன். அடுப்புச் சூடு வரும்."

சமையல்கட்டு விடுதியின் பின்பக்கம். சுவரை ஒட்டி.

"ஜெபீனா" என்றான் அன்சர். "நான் சொன்னது தப்பு. மலை நகருது. எல்லாரையும் வெளிய கூட்டிகினு போ. இப்பவே."

"இன்னாங்க சொல்றீங்க?"

"தப்பாயிடுச்சிம்மா. பெரிய தப்பு. புதுசு போட்டு ஓட்டினேன், செவப்பா வருது. படத்துல மரமெல்லாம் சாய்ஞ்சிருக்குது. பின்னால நிக்காதீங்க, ஓடப் பக்கமும் வோணாம். கெழக்கால, அந்தக் கோயில் மேட்டுக்குப் போயிடுங்க."

அவள் திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் சொன்னா எப்படிங்க நம்புவாங்க?" என்றாள். "காலையிலதான் கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்தேன். இப்ப நானே வெளிய போங்கன்னா? நீங்களே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன், இருங்க. உள்ள போனா சிக்னல் நிக்குதான்னு பாக்கறேன்."

அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. சேற்றில் கால் வைக்கிற சத்தம். பிறகு ஒரு பெரிய அறையின் இரைச்சல்: பிள்ளைகள், பாத்திரம், ஒரு கைக்குழந்தையின் அழுகை. கொஞ்சம் அமைதியாக இருங்க என்று ஜெபீனா சொல்வது கேட்டது. அன்சர் இதுவரை பார்த்திராத மனிதர்களிடம் பேசினான்.

"நான் டீச்சரோட வூட்டுக்காரன் பேசறேங்க. நேத்து ரெண்டு மிஷின்ல பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அது தப்புங்க. இப்ப புது மிஷின்ல பாத்தேன், மலை எறங்குது. தயவுசெஞ்சி எல்லாரும் வெளிய போயிடுங்க. கோயில் மேட்டுக்குப் போயிடுங்க."

யாரோ ஒரு பெண், தூரத்திலிருந்து, நிதானமாகக் கேட்டாள்: "ரெண்டு மிஷினு அசையலன்னு சொன்னிச்சாமே. இப்ப ஒண்ணு மட்டும் வேற சொல்லுதா?"

"இல்லம்மா, அந்த ரெண்டும்..." என்று அன்சர் ஆரம்பித்தான்.

இரைச்சல் நின்றுவிட்டது. திரையைப் பார்த்தான். லைன் அறுந்திருந்தது.

மறுபடியும் கிடைக்கவில்லை. தனசேகரனின் ஜீப்பில் இருவரும் கிளம்பினார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் தடுப்புப் போட்டு நிறுத்திவிட்டார்கள். நடந்தாவது போகிறேன் என்று அன்சர் இறங்கி ஓடினான். இரண்டு பேர் பிடித்து இழுத்துவந்தார்கள். ஜீப்பில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதினான். மலைமேலிருந்து ஒரு சத்தம் வந்ததாகச் சிலர் சொன்னார்கள், இடி என்று சிலர் சொன்னார்கள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

விடிந்து மழை விட்டபிறகுதான் மேலேயிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள். முதலில் பிள்ளைகள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு. வீரமணி தோளில் ஒரு பிள்ளையைச் சுமந்து வந்தார். ஓடைக்கொட்டாய் ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். கடைசியில் ஜெபீனா வந்தாள். காலில் செருப்பில்லை, இடுப்புவரை சேறு. அன்சரைப் பார்த்ததும் நின்றாள். அவன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான். அவள் சாய்ந்துகொள்ளவும் இல்லை, விலகவும் இல்லை.

"புள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்க" என்றாள். "ஊர் ஜனமும் வந்திடுச்சி. எல்லாரும் மேட்டுல ஏறின கொஞ்ச நேரத்துல மலை சரிஞ்சி விழுந்திடுச்சிங்க."

அன்சர் அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையைத் தேடினான்.

"அந்த ரூம்ல இருந்தவங்க மட்டும் வரல" என்றாள் ஜெபீனா. "ரெண்டு தபா போய்க் கெஞ்சினேன். அந்தத் தைலம்மாள் கோவப்படவே இல்லங்க. நேத்து ரெண்டு மிஷினு சொன்னத நம்பித்தான வந்தோம் டீச்சர், இப்ப ஒரு மிஷினு சொல்றதுக்காவ எட்டு நாள் கொழந்தய மழையில எடுத்துக்கினு போவ முடியுமா, ரெண்டு பெருசா ஒண்ணு பெருசான்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலங்க."

அன்சருக்குப் பதில் தெரிந்திருந்தது.